ரூபி அனுப்பிய டீ

காலை வணக்கப் படத்தில் இருக்கிற டீ செவல்பேட்டையில் நிஜமாகவே வீடு வீடாக வந்து இறங்க ஆரம்பித்தது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் குழாயில் தண்ணி வராத நாள் வேறு, அதனால் ஊரில் பாதிப் பேர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரவேண்டியது வரவில்லையே என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்துவிட்டு வந்தவர்கள், அடுப்படி ஜன்னல் கட்டையில் எதிர்பாராதது வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சரி, இதையாவது குடிப்போம் என்று குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். வெள்ளைக் கப்பு, அதற்கொரு சாஸர், பக்கத்தில் பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோஜா, எல்லாம் செல்லில் எப்படி இருந்ததோ அச்சு அசலாக அப்படியே, ஆவி பறக்க. படத்தின் மேலே எழுதியிருக்கிற 'இனிய காலை வணக்கம்' மட்டும் வரவில்லை.

அந்த வாரமே ஆளாளுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். பிரியாணிப் படம் அனுப்பினார்கள், வரவில்லை. ஆரம், நெக்லஸ் அனுப்பினார்கள், வரவில்லை. டிராக்டர் படத்தைத் தன் மச்சானை விட்டுத் தனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு ஒருத்தன் வாசலைக் கூட்டித் தண்ணி தெளித்துக் காத்திருந்தான், ஒரு மண்ணும் வரவில்லை. சாயங்காலக் காப்பி கூட வரவில்லை. விடிந்ததிலிருந்து வெயில் ஏறுகிற வரைக்கும், ஒருத்தர் இன்னொருத்தருக்கு வணக்கம் சொல்லி அனுப்புகிற டீ மட்டும்தான் வந்தது. ஏன் வருகிறது என்று கேட்டவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. வந்ததைக் குடித்துவிட்டுப் போகாமல் நோண்டிக்கொண்டிருப்பானா ஒருத்தன்! மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரிகள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். போன கையோடு அவர்களும் ஊர் குரூப்பில் சேர்ந்து காலை வணக்கம் அனுப்ப ஆரம்பித்தார்களே தவிர, சோதனை முடிவு என்று ஒன்று வரவே இல்லை.

முதல் நாளே இசக்கியம்மாளுக்கு ஜன்னல் கட்டையில் இடம் போதவில்லை. மூடிப்போன பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வைத்திருந்த 'மில் சொந்தங்கள்' குரூப்பிலிருந்து வந்தது, மகளிர் குழுவிலிருந்து வந்தது, மதினிமார் அனுப்பினது, பெங்களூரில் இருக்கிற மகள் அனுப்பினது என்று வரிசையாக ஒரே மாதிரி வெள்ளைக் கப்புகள். ஒரே படத்தைத்தானே எல்லாரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள், டீ மட்டும் எப்படி வேற மாதிரி வரும்? ஒன்றே ஒன்றுதான் தனியாக நின்றது. எவர்சில்வர் டம்ளர். ரோஜா கிடையாது, சாஸர் கிடையாது, மேலே மெல்லிசாக ஏடு கட்டியிருந்தது. அது ரூபி அனுப்பினது என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துபோயிற்று. எடுத்து ஒரு வாய் குடித்தவள் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இஞ்சி தட்டிப் போட்டு, தூள் கூட்டிக் கடுப்பமாக, சீனி தூக்கலாக, இசக்கிக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி இருந்தது.

ரூபி யார் என்று சொல்ல வேண்டும். இசக்கியம்மாளும் அவளும் மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் பதினெட்டு வயதில் சேர்ந்தவர்கள். மில் காலனியில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருந்தவர்கள். ஒருத்திக்குக் கோயில், ஒருத்திக்குச் சர்ச்சு, ஆனால் குழம்பு ஒன்றுதான். இசக்கிக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது மாமியார் இல்லை, ரூபிதான். ரூபியின் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒரு மாதம் பாயைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே படுத்துக் கிடந்தது இசக்கிதான். மில் மூடினதும் இசக்கியின் புருஷன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினார். ரூபி காலனியிலேயே தங்கிவிட்டாள். மகன் மஸ்கட்டில் இருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்தால் பத்து நிமிஷம், கேட்டு அடைத்திருந்தால் கால் மணி நேரம், அவ்வளவுதான்.

படம் அனுப்புகிற விஷயத்தில் ரூபிக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. வந்த படத்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது அவளுக்கு ஆகாது. யாரோ சாப்பிட்ட இலையில் விருந்தாளிக்குச் சோறு போடுகிற மாதிரி இருக்கிறது என்பாள். அதனால் தினமும் காலையில் இசக்கிக்கென்று தனியாக ஒரு டம்ளர் டீ போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, தானே படம் பிடித்து அனுப்புவாள். பார்க்க அந்தப் படம் நன்றாகவே இருக்காது. பாதி நேரம் அவள் கைவிரல் குறுக்கே விழுந்திருக்கும். குரூப்பில் எவ்வளவு அழகழகான படம் வருது, அதை அனுப்பினால் என்னட்டி என்று இசக்கியே கேலி பண்ணியிருக்கிறாள். அப்படி அனுப்பினதுதான் இப்போது டம்ளரோடு வந்து இறங்கியிருந்தது.

குடித்து முடித்ததும் இசக்கியம்மாளுக்கு உடனே ரூபியைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. சேலையை மாற்றக்கூட இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரயில்வே கேட்டு அடைத்திருந்தது. சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்துகொண்டு கிடந்தபோது செல் அடித்தது. ரூபி. டீ வந்துதாட்டி என்று கேட்டாள். வந்தது, குடித்தேன், உன் கை மணம் அப்படியே இருக்கு என்று இவள் சொன்னாள். அந்தப் பக்கம் அவள் சிரிக்கிறாள், இந்தப் பக்கம் இவள் அழுகிறாள், நடுவில் பெட்டி பெட்டியாக நிலக்கரி போகிறது. பேசவேண்டியதெல்லாம் பேசி முடிக்கவும் ரயில் போய்க் கேட்டு திறக்கவும் சரியாக இருந்தது. இசக்கி ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள். பேசியாயிற்று, டீயும் குடித்தாயிற்று, இனி அங்கே போய் என்ன செய்ய, வீட்டில் துணி ஊறிக்கொண்டிருக்கிறது என்று திரும்பி நடந்துவிட்டாள்.

ஊரும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நடந்தது. முதலில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகள் மூடின. மாஸ்டர்மார் பரோட்டா போடப் பழகிக்கொண்டு வெளியூர் போனார்கள். யார் வீட்டிலும் காலையில் அடுப்பில் பால் ஏறவில்லை என்பதால் பால் சொசைட்டி பூட்டப்பட்டது, மாடு வைத்திருந்தவர்கள் சந்தையில் கொண்டுபோய் விற்றார்கள். கப்புகளை என்ன செய்வது என்று தெரியாமல் காம்பவுண்டுச் சுவர்மேல் அடுக்கினார்கள். அடுக்கினது நாளடைவில் அந்தஸ்தாகிவிட்டது. தெருவில் போகிறவன் சுவரைப் பார்த்தே இந்த வீட்டுக்கு எத்தனை பேர் வேண்டப்பட்டவர்கள் என்று கணக்குப் போட்டான். பெண் பார்க்க வருகிறவர்கள் நகை எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் காலையில் எத்தனை வரும் என்று கேட்டார்கள். மானத்துக்குப் பயந்து தனக்குத் தானே இன்னொரு நம்பரிலிருந்து அனுப்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள். கிணற்றுத் தகராறில் பன்னிரண்டு வருஷமாகப் பேசாதிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் டீ அனுப்பிக்கொண்டார்கள், ஊரே மெச்சியது. பேச்சு மட்டும் அப்புறமும் கிடையாது. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஆனால் டீ தவறாமல் போயிற்று.

யாரும் யார் வீட்டுக்கும் போவது நின்றுபோனது எப்போது என்று செவல்பேட்டையில் யாராலும் சொல்ல முடியாது. வேண்டாம் என்று யாரும் முடிவு பண்ணவில்லை. காய்ச்சலில் கிடப்பவனைப் பார்க்கப் போகலாம் என்று நினைத்தவன், காலையில்தான் டீ அனுப்பினோமே என்று உட்கார்ந்தான். விருந்தாளிக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் பரணுக்கு ஏறின. வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் வீட்டுக்காரர்கள் திடுக்கிட்டு, என்ன சமாச்சாரம், எதுவும் விசேஷமா, துக்கமா என்று கேட்டார்கள். சும்மா வந்தேன் என்று ஒருத்தர் சொன்னால் அவருக்கு ஏதோ மனசு சரியில்லை என்று ஊர் பரிதாபப்பட்டது.

இசக்கியம்மாள் தன்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டாள். அவளுக்கு வருகிற வெள்ளைக் கப்புகளையெல்லாம் வாழை மரத்து மூட்டில் ஊற்றிவிடுவாள், அந்த வாழையும் எந்தக் காலத்திலும் குலை தள்ளவில்லை. ரூபியின் டம்ளரை மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பாள். ரூபியைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று புருஷன் கேட்டால், தினமும்தான் அவள் கையால் குடிக்கிறேனே, நீங்க வேற என்பாள். அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். குடித்து முடித்ததும் பதிலுக்கு ரூபிக்கு ஒரு டீ அனுப்புவாள். அவளுக்கு இந்தப் படம் பிடிக்கிற வேலையெல்லாம் ஒத்துவராது. குரூப்பில் வந்ததில் நல்லதாக ஒன்றை, ரோஜா பெரிதாக இருப்பதாகப் பார்த்துத் தள்ளிவிடுவாள். ரூபி ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. எப்போதாவது மட்டும், ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாட்டி, உன்னை உட்கார வைத்துப் பேசணும் என்று எழுதுவாள். வாரேன்ட்டி என்று இவள் எழுதுவாள், கூடவே ஒரு கட்டைவிரல். அந்தப் பக்கமிருந்தும் ஒரு கட்டைவிரல் வரும். இப்படி ஒரு கிறிஸ்துமஸ் போய், ஒரு கோயில் கொடை போய், மறுபடி ஒரு கிறிஸ்துமஸும் போயிற்று.

அடுத்த மாசியில் ஒருநாள் ரூபியின் டம்ளர் நிறையாமல் வந்தது. கால்வாசி குறைந்திருந்தது. இசக்கி பெரிதாக நினைக்கவில்லை. நாலைந்து நாளில் பாதி டம்ளராயிற்று. இஞ்சி இல்லை. அதற்கப்புறம் பால் இல்லாமல் கருந்தண்ணியாக அடியில் கொஞ்சம் கிடந்தது. சண்டாளி, அப்போதாவது எழுந்து போயிருக்க வேண்டாமா! அவள் போனது செல்போன் கடைக்கு.

பஜாரில் அந்தக் கடைக்காரர் இதற்கெல்லாம் பேர் போனவர். டீ கசக்கிறது, ரோஜா வாடி வருகிறது, சாஸர் உடைந்து வருகிறது என்று எதைக் கொண்டு போனாலும் சரி பண்ணிக் கொடுப்பார். இசக்கி விஷயத்தைச் சொன்னதும் அவர் செல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காலனிப் பக்கம் டவர் சரியில்லை, வருகிற வழியிலேயே சிந்திப்போகிறது, அதோடு உங்கள் செல்லில் இடமும் இல்லை யக்கா, இடம் இருந்தால்தானே முழு டீயும் இறங்கும் என்று சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. இடம் வேண்டுமானால் பழசை அழிக்கணும் என்றார். இசக்கி கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்தாள். மகள் கல்யாணத்தில் அவளும் ரூபியும் ஒரே இலையில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த படம், திருச்செந்தூர்க் கடலில் இருவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற படம், ரூபி தூங்கும்போது வாய் திறந்திருந்ததைக் கேலிக்கு எடுத்த படம், எல்லாம் போயிற்று. ரூபியின் டீ முழுசாக வருவதற்காக ரூபியை அழித்துவிட்டு, மனசு லேசாகி வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் டம்ளர் காலியாக வந்தது. கழுவிக்கூட வைக்கவில்லை, அடியில் காய்ந்த கறை. இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெறும் டம்ளரை அனுப்பியிருக்கியே, வயசாச்சுன்னு காட்டிட்டியேட்டி என்று எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சியை வரிசையாக ஆறு போட்டாள். வெகு நேரம் கழித்து ரூபியிடமிருந்தும் அதே மூஞ்சி ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று.

அதற்கடுத்த நாள் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

ஜன்னல் கட்டையில் வெள்ளைக் கப்புகள் வழக்கம்போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, டம்ளரைக் காணோம். இசக்கியம்மாளுக்கு முதலில் பதற்றம், அப்புறம் கோபம். ஒரு கேலி பண்ணினதுக்கு இப்படியா முறுக்கிக்கொள்வது? நாற்பது வருஷப் பழக்கத்தில் எத்தனை கேலி பண்ணியிருக்கிறோம்! போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்லியது. ஓகோ, அணைத்தே வைத்துவிட்டாளா, இருக்கட்டும், எனக்கும் ரோஷம் உண்டு என்று இவள் வைராக்கியமாக இருந்தாள். வைராக்கியத்திலும் காலை டீயை மட்டும் நிறுத்தவில்லை. ஒன்றுக்கு இரண்டாகத் தள்ளிவிட்டாள், பார்க்கட்டும், நான் மறக்கவில்லை, மறந்தது அவள்தான் என்று தெரியட்டும். குரூப்பில் விசாரித்தாள். ரூபிக்கு நாங்க தினமும் அனுப்புறோமே, டீ போய்ச்சேருது, திரும்பி வரல்ல, அப்போ ஆள் நல்லாத்தான் இருக்கும் என்று பத்துப் பேர் எழுதினார்கள். பத்துக் கட்டைவிரல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனசு கேட்கவில்லை. நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவது என்று கிளம்பினாள். ஆமாம், சண்டை போடத்தான் போனாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ரயில்வே கேட்டு திறந்துதான் கிடந்தது.

காலனியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ரூபியின் வீட்டுக் கதவைத் தட்டினாள், ஏட்டி ரூபி என்று கூப்பிட்டாள், மறுபடியும் தட்டினாள். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, வந்திருப்பது நிஜமான ஆள்தானா என்று முதலில் உற்றுப் பார்த்தாள். அந்த அக்கா வெளியே வந்து நாளாச்சே என்றாள். நீ போய்ப் பார்க்கலியா என்று கேட்டதற்கு, தினமும் அனுப்புறேனே என்று சாதாரணமாகச் சொன்னாள். இசக்கிக்கு அந்தப் பெண்ணை அறையலாம் போல வந்தது. அறைய அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதும் அதே நிமிஷத்தில் தெரிந்தது. பின்பக்கம் ஓடி, அடுப்படிக் கதவின் தாழ்ப்பாளை உலுக்கி உலுக்கித் திறந்தாள்.

திறந்த கதவு முழுசாகத் திறக்கவில்லை. உள்ளே கப்புகள். மேடை முழுக்க, அலமாரி முழுக்க, தரை முழுக்க, ஃபிரிட்ஜின் தலையில், தண்ணிக் குடத்தின் மூடிமேல், அம்மியின்மேல், கால் வைக்க இடமில்லாமல் வெள்ளை வெள்ளையாகக் கப்புகள். ஆறிப்போய், தோல் கட்டி, எறும்பு மிதந்து, அத்தனையிலும் டீ. கருகின ரோஜாக்கள். அவள் கப்புகளைக் காலால் தள்ளிக்கொண்டே போனாள், சேலை முழுக்க நனைந்தது. இதில் தான் அனுப்பினது எது என்று ஒரு நொடி கண் தேடியது. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது.

ரூபி உள்ளறையில் கட்டிலில் கிடந்தாள். பாதியாகியிருந்தாள், வயிறு மட்டும் வீங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே செல் அணைந்து கிடந்தது. பிளக்குப் பாயிண்டு எதிர்ச்சுவரில் இருந்தது.

வந்தவள் தயார் பண்ணி வைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. கட்டிலில் விழுந்து ரூபியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முடி கையோடு வந்தது. வாயில் தண்ணி விட்டாள், கடைவாயில் வழிந்தது போகக் கொஞ்சம் உள்ளே போயிற்று. சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள். எல்லாரையும் விடு, எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாமேட்டி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே என்று மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள்.

ரூபி அவளையே பார்த்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"தினமும் படம் புடிச்சு அனுப்புனேம்லா."

குறையாக அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். முக்கால் டம்ளர், அரை டம்ளர், பால் இல்லாத டம்ளர், வெறும் டம்ளர். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடக்கத் திராணியில்லாமல், பால் வாங்க ஆளில்லாமல், கடைசியில் வெறும் டம்ளரை மட்டும் ஜன்னலில் வைத்துப் படம் பிடிக்கிற ரூபியை இசக்கி இப்போதுதான் பார்த்தாள். அதற்குத்தான் அவள் ஆறு மூஞ்சி போட்டுச் சிரித்தாள்.

ரூபி திரும்பவும் பேசினாள். காலையானால் அடுப்படியில் கப்பு வந்து இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆள் நடமாட்டம் போலவே இருக்கும், யாரோ வந்துட்டாங்கன்னு நினைச்சுக்குவேன் என்றாள். சொல்லி முடிக்கவே வெகு நேரமாயிற்று. பிறகு கண்ணை மூடித் திறந்து, "எனக்கு ஒரு டீ போட்டுத் தாட்டி," என்றாள்.

எதிர்வீட்டுப் பெண் அவசரமாக அடுப்படியிலிருந்து கொஞ்சம் சூடு இருக்கிற கப்பு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள், அன்றைக்குக் காலையில் வந்தது. ரூபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது வேண்டாம். நீ போடு."

இதோ போட்டுடுறேன், இதோ ஒரு நிமிஷம் என்று இசக்கி எழுந்தாள். டீத்தூள் இருந்தது, காய்ந்த இஞ்சித் துண்டு இருந்தது, பால் இல்லை. சொம்பை எடுத்துக்கொண்டு காலனிக்குள் ஓடினாள். ஒவ்வொரு வீடாகத் தட்டினாள். பாலா, பால் எங்கே யக்கா இருக்கு, அடுப்பே பத்த வைக்கிறதில்லையே என்றார்கள். சொன்னவர்களெல்லாம் நல்ல மனசுக்காரர்கள், வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் ஜன்னல் கட்டையிலிருந்து ஆளுக்கொரு கப்பை எடுத்து நீட்டினார்கள், இந்தா, இதைக் கொண்டு கொடு, ரோஜாவும் இருக்கு பாரு என்றார்கள். தட்டிவிட்டுக்கொண்டு ஓடினாள். ஊர் முழுக்க டீ நிரம்பி வழிகிறது, ஒரு டீ போடப் பால் இல்லை. மூச்சு வாங்கியது, செருப்பு எங்கேயோ அறுந்து விழுந்தது. கடைசி லைனில் வெள்ளாடு வளர்க்கிற வீடு ஒன்று இருந்தது, ரூபி பால் வாங்கிக்கொண்டிருந்ததும் அங்கேதானாம். அந்த வீட்டம்மா குட்டியைப் பிடித்து இழுத்துக் கட்டிவிட்டு, மடியில் மிச்சமிருந்ததைச் சொம்பில் பீய்ச்சிக் கொடுத்தாள். ஓர் ஆழாக்கு இருக்கும். அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சிந்தாமல் ஓட முடியாமல், ஓடாமல் இருக்கவும் முடியாமல், ஒரு மாதிரியாக விரைந்து வந்து சேர்ந்தாள்.

வாசலில் நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டில் நிற்கிறதாம் என்றார்கள். இசக்கி நேரே அடுப்படிக்குப் போய் மேடையில் இருந்த கப்புகளைக் கையால் வழித்துத் தள்ளினாள், அத்தனையும் கீழே விழுந்து நொறுங்கின. அடுப்பைப் பற்ற வைத்தாள். பாலில் தண்ணி கலந்து ஏற்றினாள், இஞ்சியைத் தட்டிப் போட்டாள், தூள் போட்டாள். கை தானாக வேலை செய்தது. வந்துட்டேன்ட்டி, கொதி வந்துடுச்சு என்று உள்ளறையைப் பார்த்துச் சத்தம் கொடுத்துக்கொண்டே சீனி டப்பாவைத் திறந்து கரண்டியை விட்டாள்.

விட்ட கரண்டி அப்படியே நின்றது.

ரூபி டீக்கு எவ்வளவு சீனி போட்டுக்கொள்வாள்? ஒரு கரண்டியா, இரண்டா? மில்லில் இருந்தபோது எப்படிக் குடித்தாள்? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ரூபிதான் கொண்டு வந்து கொடுப்பாள், இவள் வாங்கிக் குடிப்பாள், அவள் என்ன குடித்தாள் என்று பார்த்ததாக ஞாபகமே இல்லை. அலமாரியில் மாத்திரை அட்டைகள் கிடந்தன. எதற்குள்ள மாத்திரை என்று தெரியவில்லை. சர்க்கரையாக இருக்குமோ? சீனியே ஆகாதோ? எத்தனை வருஷமாக ஆகாது? இந்த ஒன்றரை வருஷத்தில் ஒருநாள் விடாமல் இவளுக்குச் சீனி தூக்கலாகப் போட்டு அனுப்பியவளுக்கு, சீனி ஆகுமா ஆகாதா என்பது இவளுக்குத் தெரியவில்லை.

கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறாள். கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலுக்கு வந்தாள்.

"ஏட்டி ரூபி, ஒனக்குச் சீனி போடவா, வேண்டாமா?"

கட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விலகி வழி விட்டாள்.

இசக்கியம்மாள் கிட்டே போனாள். குனிந்து, தூங்குகிறவளிடம் கேட்கிற மாதிரி காதோரத்தில் மெதுவாக இன்னொரு தடவை கேட்டாள். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்து நின்றாள். அடுப்படியில் டீ பொங்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள். அலமாரியிலிருந்து இரண்டு டம்ளரை எடுத்துக் கழுவி, இருந்த டீயைப் பாதிப் பாதியாக ஊற்றினாள். ஒன்றில் சீனி போட்டுக் கலக்கினாள். ஒன்றில் போடவில்லை. இரண்டையும் கொண்டுவந்து ரூபியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.